கூரையில் ஒட்டிய பருப்பு

சிரித்திருக்கக் கூடாது. எல்லோரும் சிரித்தார்கள் என்பதற்காக நானும் சிரித்திருக்கக் கூடாது, அதுவும் எல்லோரையும்விடச் சத்தமாக. காலை பத்தரை மணி, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் இரண்டாம் மாடி, ஃபேன் சுற்றுகிறதா சும்மா தொங்குகிறதா என்று தெரியாத ஒரு ஹால், அதில் ஒரு நீள மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறோம். எதிரே இருக்கும் லூர்துராஜ் சார் திடீரென்று ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, "மேடம், இதக் கேளுங்க. இருவத்தஞ்சு வருச சர்வீஸ்ல இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரலில் வாசிக்கத் தொடங்கினார். விண்மீனின் மையத்தில் இரும்பு இணையும்போது அளவுகடந்த ஆற்றல் வெளிப்படுகிறது. அதைத் தாங்க முடியாமல் விண்மீன் வெடிக்கிறது. இது பிரஷர் குக்கர் வெடித்துப் பருப்பு கூரையில் ஒட்டிக்கொள்வது போன்றதாகும். அந்தப் ‘போன்றதாகும்’ என்ற சொல்லை அவர் இழுத்த இழுப்பில் மேசையே குலுங்கியது. "குக்கர்னு வந்தாலே தெரியுதே, எவளோ ஒரு மகராசி சமையல்கட்டுல இருந்து நேரா கிளாசுக்கு வந்திருக்கா" என்றார். நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்துவிட்டு, யாரும் கேட்காமலே, "எங்க காலேஜ்ல எல்லாம் இப்படி நடத்த மாட்டோம் சார்" என்றும் சொன்னேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது. இப்போது குனிந்து, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருக்கிறேன். அந்தக் குக்கர் என் குக்கர். அந்தக் கூரை என் வீட்டுச் சமையலறைக் கூரை. அந்த மகராசி நான், சண்முகவடிவு, வயது ஐம்பத்திரண்டு, பெண்கள் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறைத் தலைவர்.

ஏழாம் தாள் திறந்தபடி இருக்கிறது. முதல் ஆறில் நான்கில் குக்கர் வந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் முதல் குக்கரைக் கண்டதுமே நான் எழுந்து போய் இந்த விடைத்தாள் கட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். தாள்களில் பெயர் கிடையாது, டம்மி நம்பர்தான், ஆனால் தன் கல்லூரித் தாள் என்று அடையாளம் தெரிந்துவிட்டால் திருத்தக் கூடாது, தலைமைத் தேர்வாளரிடம் சொல்லிக் கட்டை மாற்றிக்கொள்ள வேண்டும், விதி அதுதான். வானியற்பியலை விருப்பப் பாடமாக எடுத்திருப்பது இந்தப் பல்கலைக்கழகத்தில் நான்கே நான்கு கல்லூரிகள், திருத்த வந்திருப்பதும் அந்த நான்கு கல்லூரிக்காரர்கள், எல்லாத் தாளையும் கலைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அப்புறம் என் பிள்ளைகளின் தாள் என் கையில் வராமல் எங்கே போகும். திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் குக்கரைச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் எங்க காலேஜ்ல எல்லாம் இப்படி நடத்த மாட்டோம் என்று சொன்ன வாயால் அதைச் சொல்ல வேண்டும். அதனால் கட்டு என் முன்னாலேயே இருக்கிறது. பதினேழாம் கேள்வி, ஐந்து மார்க்: பெரிய விண்மீன்களில் தனிமங்கள் உருவாகும் முறையை விளக்கி, இணைவு ஏன் இரும்போடு நின்றுவிடுகிறது என்று கூறுக. காலையில் மரியசெல்வம் சார் விடைக்குறிப்பை வாசித்தார். அவர்தான் தலைமைத் தேர்வாளர், மூலையில் தனி மேசையில் பச்சைப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார், கோயில் தர்மகர்த்தா மாதிரி சந்தனக் கலர் சட்டை. ஹைட்ரஜனிலிருந்து சிலிக்கான் வரை வரிசைக்கு இரண்டு மார்க், இரும்பு ஆற்றலைத் தராது, மாறாக உறிஞ்சும், அதனால் மையம் தாங்க ஆளில்லாமல் சரியும் என்பதற்கு மூன்று மார்க், எதிர்மாறாக எழுதியிருந்தால் அந்த மூன்று கிடையாது. எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். எனக்கு அது தெரியாததில்லை. ஜனவரி மாதமே தெரியும். அதுதான் விஷயம்.

தெரியாமல் செய்த தப்புக்கு மனிதர் வெட்கப்பட வேண்டியதில்லை என்று என்னை நானே தேற்றிப் பார்க்கிறேன், ஒட்டவில்லை. தப்பு தொடங்கியது ஒரு படத்தில். பிணைப்பாற்றல் வளைகோடு என்று ஒன்று உண்டு, இயற்பியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த படம், இடது பக்கம் ஹைட்ரஜனில் தொடங்கி விறுவிறுவென்று மேலே ஏறி, இரும்பில் உச்சிக்குப் போய், அப்புறம் மெதுவாக இறங்கி யுரேனியத்தில் முடியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாடத்தை என் தலையில் கட்டினபோது, இரண்டே நாளில் குறிப்பு தயாரித்தேன். படத்தைப் பார்த்தேன், உச்சியில் இரும்பு இருந்தது. உச்சி என்றால் அதிகம். அதிகம் என்றால் அதிக ஆற்றல். அதிக ஆற்றல் வந்தால் வெடிக்காமல் என்ன செய்யும். இப்படி ஓடியது புத்தி, ஓடி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையில் அந்த உச்சிக்கு அர்த்தமே வேறு. உச்சியில் இருக்கிற அணுக்கரு தன்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை, ஏறி வரும்போதே கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டது. முதுகலை படிக்கும்போது இதெல்லாம் எனக்கு எப்படிப்பட்ட பாடம். பிரபஞ்சம் பிறந்து முதல் சில நிமிஷங்களில் ஹைட்ரஜனும் ஹீலியமும் துளி லித்தியமும் உண்டானதோடு சரி, அப்புறம் கோடிக்கணக்கான வருஷம் வேறு எதுவும் இல்லை, கார்பன் இல்லை, ஆக்சிஜன் இல்லை, முதல் விண்மீன்கள் பற்றி எரிந்த பிறகுதான் மூன்று ஹீலியம் சேர்ந்து ஒரு கார்பன் ஆகி, அது ஆக்சிஜன் ஆகி, நியான், மெக்னீசியம், சிலிக்கான் என்று ஏறிப் போயிற்று என்று படித்த அன்றைக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சோற்றில் இருக்கிற கார்பன் எந்த விண்மீனில் வெந்ததோ என்று. பக்கத்தில் இருந்தவள், ஏட்டி சாப்பாட்டுல பல்லி கெடக்கா என்றாள். அந்தப் பிள்ளை எங்கே போனாள், நான்தான், எங்கே போனேன். குறிப்பு நோட்டு ஒன்று தயாரித்தவுடன் அவள் போய்விட்டாள் என்று நினைக்கிறேன். ஆறு வருஷம் ஒரே நோட்டு, முனை மடங்கி, எண்ணெய்க்கறை பட்டு, ஆறு செட் பிள்ளைகள்.

எட்டாம் தாளில் குக்கர் இல்லை, அப்பாடா, வேறு கல்லூரி. ஒன்பதில் இருக்கிறது. இந்தப் பிள்ளை கூரையில் மஞ்சள் கறை என்றே எழுதியிருக்கிறது, நான் சொன்னதை ஒன்று விடாமல். அந்தக் கதையை நான் வகுப்பில் நன்றாகச் சொல்வேன். ஒருநாள் காலையில் பருப்பு வைத்துவிட்டு அவசரமாகப் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போது டமார் என்று ஒரு சத்தம், ஓடிப் போய்ப் பார்த்தால் மூடி ஒரு பக்கம், வெயிட் ஒரு பக்கம், துவரம்பருப்பு முழுக்கக் கூரையில், எங்கள் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, இன்னைக்கு சாம்பார் மாடியில போய்ச் சாப்பிடணுமோ என்றார். இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். அப்போது நான், இப்படித்தான்மா விண்மீனும், அது வெடிச்சுத் தூவின பருப்புதான் நம்ம ரத்தத்துல இருக்கிற இரும்பு என்பேன், எல்லோரும் ஆ என்று பார்ப்பார்கள். அந்த ஆ எனக்குப் பிடிக்கும். குக்கர் ஏன் வெடித்தது என்று மட்டும் வகுப்பில் சொன்னதில்லை. வெயிட் ஓட்டையில் முதல் நாள் பருப்பு அடைத்திருந்தது, முதல் நாள் கழுவியது நான். ஆனால் அன்றைக்கு நான் திட்டியது வேலைக்கு வந்த காந்திமதியை. பாத்திரம் கழுவுற லட்சணமா இது என்று கேட்டேன். அவள், குக்கர் நேத்து நீங்கதானக்கா கழுவுனீக என்று சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறிக் கூரையைத் துடைக்க ஆரம்பித்தாள். இந்தக் காந்திமதி இப்போது எதற்கு ஞாபகம் வருகிறாள். வருவாள். ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும். குக்கர் உதாரணமே தப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குக்கர் வெடிப்பது உள்ளே அழுத்தம் மிஞ்சிப் போவதால். விண்மீனுக்கு நடப்பது அதற்கு நேர் எதிர். உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருந்த சக்தி நின்றுவிடுகிறது, எரிக்க ஒன்றுமில்லாத இரும்புக் குவியல் தன் பாரத்தையே தாங்க முடியாமல் ஒரு நொடிக்குள் உள்பக்கமாகச் சரிகிறது. வெளியே நாம் பார்க்கிற வெடிப்பெல்லாம் அந்தச் சரிவுக்குப் பிறகுதான்.

இதை எனக்குச் சொன்னவள் இசக்கிப்ரியா. கடைசிக்கு முந்தின பெஞ்சு, ஒல்லிப் பிள்ளை, எப்போதும் கழுத்து வரை பொத்தான் போட்ட சுடிதார். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, குக்கர் கதை முடிந்து, சிரிப்பு முடிந்து, ஆவும் முடிந்த பிறகு எழுந்து நின்றாள். "மேம், ஒரு டவுட்டு மேம். இரும்புல இருந்து எனர்ஜி வெளிய வராதுல்ல மேம்? நம்மதான உள்ள குடுக்கணும்? கர்வ்ல அதுக்கு மேல எறக்கம்தான மேம் இருக்கு?" என்றாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், கேட்கும்போது விரலால் காற்றில் அந்த வளைகோட்டைப் போட்டுக் காட்டினாள், ஏற்றமும் உச்சியும் இறக்கமும். அந்த விரலைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் புத்தகம் பார்த்துத்தான் தெரிந்தது என்று இத்தனை நாளாக எனக்கே சொல்லி வந்திருக்கிறேன், பொய், அந்த விரல் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இப்போது நினைக்க வேண்டாம். முதலில் இந்தத் தாளைத் திருத்துவோம். ஹைட்ரஜன் முதல் சிலிக்கான் வரை சரி, இரண்டு மார்க், கூட்டினால் இருபத்தெட்டு. பாஸ் ஆக முப்பது வேண்டும். எழுபத்தைந்துக்கு இருபத்தெட்டு எடுத்திருக்கிற இந்தப் பிள்ளை யார், மகேஸ்வரியா, நிஷாந்தியா, இரும்புக்கான மூன்று மார்க் விழுந்திருந்தால் முப்பத்தொன்று, பாஸ். நான் சொல்லிக் கொடுத்ததை நம்பி எழுதியதால் ஃபெயில். சொல்லிக் கொடுக்காத கேள்வி எதையாவது சொந்தமாக எழுதியிருந்தால்கூட அரை மார்க்காவது கிடைத்திருக்கும்.

சரி, அன்றைக்கே தெரிந்துவிட்டது, மறுநாள் போய், நேத்து சொன்னது தப்பும்மா, அடிச்சுட்டு எழுதிக்கோங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிஷம். வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று போனேன், துறைத் தலைவர்கள் கூட்டம் வந்துவிட்டது. திங்கள் போனேன், இரண்டாவது வரிசையில் இருந்தவள் வியாழக்கிழமைக் குறிப்பைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள், குக்கர் உட்பட, இப்போது போய் எப்படி என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அப்புறம் பொங்கல் விடுமுறை. அப்புறம், இந்தக் கேள்வியெல்லாம் எங்கே வரப்போகிறது, ஆறு வருஷமாக வந்ததில்லையே என்று ஒரு நிம்மதி. நடுவில் ஒருநாள் இசக்கிப்ரியா நூலகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கே வந்தாள். பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள், "மேம், இதுல இப்படிப் போட்டிருக்கு மேம், பரிட்சைக்கு எத எழுதட்டும் மேம்" என்றாள். அப்போதும் எனக்கு அரை நிமிஷம் கிடைத்தது. வேறு யாரும் இல்லை, மேசைமேல் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது, எலுமிச்சைச் சாதம். நான் புத்தகத்தைப் பார்க்காமலே, "பேப்பர் திருத்துறது எங்கள மாதிரி ஆளுங்கதான். புக்கு வந்து திருத்தாது. கிளாஸ்ல சொன்னத எழுது, மார்க் வரும்" என்றேன். அவள் சரி மேம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சரியில் ஒரு கேள்வியும் இல்லை, அதற்கு முன் அவள் சொன்ன எல்லாச் சரியிலும் ஒரு கேள்வி இருக்கும்.

பதினொன்று, பன்னிரண்டு, இரண்டும் வேறு கல்லூரி, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். பதின்மூன்றாம் தாளின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். அவள் எழுத்து. இடது பக்கம் சாய்ந்து, இரண்டு விரல் மார்ஜின் விட்டு, வரிக்கு வரி பிசகாமல் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான், மூன்று வருஷம் அவள் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். பதினேழாம் கேள்விக்கு நேராகப் போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பதினாறையும் திருத்தினேன், எல்லாம் சரி, கை பாட்டுக்கு டிக் போடுகிறது. பதினேழு. ஒன்றரைப் பக்கம். பிரபஞ்சத்தின் முதல் நிமிஷங்களிலிருந்து தொடங்கியிருக்கிறாள், ஹீலியம், கார்பன், ஆக்சிஜன், அடுக்கடுக்காக வெங்காயத் தோல் மாதிரி விண்மீனின் வயிற்றைப் படம் வரைந்து, நடுவில் இரும்பு. பக்கத்தில் பென்சிலால் வளைகோடு, உச்சியில் ஒரு புள்ளி. அதன் கீழ் எழுதியிருக்கிறாள்: உச்சியை அடைந்த இரும்பிடம் தருவதற்கு ஆற்றல் இல்லை. அதை மேலும் இணைக்க நாம்தான் ஆற்றல் தர வேண்டும். எனவே மையத்தைத் தாங்குவது எதுவும் இல்லாமல் போகிறது, அது உள்நோக்கி விழுகிறது. இரும்பைவிடக் கனமான தனிமங்கள் பிற வழிகளில், நியூட்ரான்களைப் பிடித்துக்கொண்டு உருவாகின்றன. தப்பே இல்லை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஐந்துக்கு ஐந்து போடத் தோன்றிய விடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், இது அதில் ஒன்று. ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்தின் குறுக்கே, மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை, ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறாள். கோபத்தில் கிறுக்கியது இல்லை. நேரான, சுத்தமான, நீலமான ஒரே கோடு. கீழே, அதே சாய்ந்த எழுத்தில், விண்மீனின் மையத்தில் இரும்பு இணையும்போது அளவுகடந்த ஆற்றல் வெளிப்படுகிறது. அப்புறம் குக்கர். அப்புறம் பருப்பு. அடித்த விடைக்கு மார்க் கிடையாது என்பது இங்கே முதல் விதி.

அந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் சொல்லாமல் இருந்து என்ன ஆகப்போகிறது. அவள் அப்பா ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். அட்மிஷன் பாரத்தில் பார்த்திருந்தேன். அன்றைக்கு அவள் விரல் காற்றில் இறங்கி நின்றபோது, இருபத்து மூன்று பேர் என்னைப் பார்த்தபோது, நான் சொன்னேன்: "இரும்பைப் பத்தி உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும். உங்க அப்பா தராசுல வச்சு எடை போட்டுப் பாத்தியாக்கும்." வகுப்பு சிரித்தது. குக்கருக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தது. சொல்லி முடிக்க ஒரு நொடி ஆகியிருக்குமா, அதற்குமேல் ஆகியிருக்காது. அவள் உட்காரவில்லை, உட்காரலாமா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், முகம் மட்டும் மெதுவாகச் சிவந்தது, காது நுனி வரை. நான் போர்டுக்குத் திரும்பிக்கொண்டேன். என் நாக்கைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு, வடிவு மேடம் வாயைத் திறந்தால் எவனும் நிற்க முடியாது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள், நானும் இல்லையென்று சொன்னதில்லை. என் தங்கை மகள் இப்படி எழுந்து நின்று கேட்டு, எவளாவது அவளிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நான் அந்தக் காலேஜை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். வெட்கமாக இருக்கிறது. பெரிய மனுஷியாக உட்கார்ந்து சிவப்புப் பேனா பிடிக்க வெட்கமாக இருக்கிறது. இப்போது என் முகமும் காதும் கொதிக்கின்றன, ஏறுகிற ரத்தத்துக்குச் சிவப்புத் தருவது அதே இரும்புதான், எங்கேயோ ஒரு விண்மீன் தன்னைக் கொடுத்து உண்டாக்கினது, அவளுக்கும் எனக்கும் ஒரே சரக்கு.

என்ன செய்யலாம். கோட்டைக் கண்டுகொள்ளாமல் மேலே இருப்பதற்கு ஐந்து போட்டுவிடலாம், மரியசெல்வம் சார் கட்டுக்கு இரண்டு தாள் எடுத்துப் பார்ப்பார், இருபதில் இரண்டு, மாட்டாமலும் போகலாம். மாட்டினால் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு மார்க், எனக்குச் சேதமில்லை, அழகான யோசனை, காந்திமதியைக் கூரை துடைக்க விட்ட அதே மூளையின் யோசனை. அப்படியே அந்த இருபத்தெட்டையும் முப்பத்தொன்று ஆக்கலாமா. லூர்துராஜ் சார் கட்டில் இருக்கிற என் மற்ற பிள்ளைகளுக்கு யார் போடுவார்கள். அவர் அங்கே மூன்றாவது குக்கரைக் கண்டுபிடித்துவிட்டார், கேட்கிறது. தாயம்மா டீ கொண்டு வந்துவிட்டாள், இந்தக் கட்டடத்தில் பெருக்குவதும் டீ கொடுப்பதும் அவள்தான். தட்டை நீட்டி, "என்ன மேடம், முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. காய்ச்சலா?" என்கிறாள். இல்லை தாயம்மா, வெயில் என்கிறேன். லூர்துராஜ் சார் டீ கிளாஸை மேலே தூக்கி, கூரையை அண்ணாந்து பார்த்து, "மூடிய நல்லாப் பாத்துத் தெறங்கப்பா" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னைப் பார்க்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். காற்றில் ஒரு விரல் ஏறி, நின்று, இறங்குகிறது. நாற்காலியைப் பின்னால் தள்ளியது நானா என்று தெரியவில்லை, தரை கீச்சென்றது. பதின்மூன்றாம் தாளில் விரலை வைத்துக்கொண்டு கட்டோடு மூலை மேசைக்குப் போனேன்.

"இந்தக் கட்டு வேண்டாம் சார். இதுல எங்க காலேஜ் பேப்பர் இருக்கு" என்றேன். மரியசெல்வம் சார் பச்சைப் பேனாவை வைத்தார். "டம்மி நம்பர் மேடம், உங்களுக்கு எப்படித் தெரியும்?" கேட்டது மெதுவாகத்தான். நானும் மெதுவாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் மெதுவாகச் சொல்வதாக இருந்தால் ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாமே. "அந்தக் குக்கர் என் வீட்டுக் குக்கர் சார்" என்றேன், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "நாந்தான் அப்படி நடத்தினேன். தப்புன்னு தெரிஞ்ச பெறகும் திருத்திச் சொல்லல. ஒரு பிள்ளை சரியா எழுதி, எனக்காக அடிச்சிருக்கு." பின்னால் டீ உறிஞ்சும் சத்தம் நின்றுபோனது. அவர் தாளை வாங்கி, குறுக்கே கோடு போட்டிருந்த ஒன்றரைப் பக்கத்தையும் அவசரப்படாமல் படித்தார், வளைகோட்டைப் பார்த்தார், திருப்பி முதலிலிருந்து படித்தார். "நல்லா எழுதியிருக்கு" என்றார். அப்புறம், "அடிச்சதுக்கு மார்க் போட விதி கெடையாது மேடம். உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும் சார் என்றேன். "நீங்க எழுத்துல குடுத்தா போர்டு மீட்டிங்ல வைக்கலாம். மத்த பிள்ளைகளுக்கும் சேத்துத்தான். என்ன முடிவு வரும்னு நான் சொல்ல முடியாது. ஆனா உங்க மேல ஃபைல் ஓபன் ஆகும், அத யோசிச்சுக்கிடுங்க." யோசிக்க ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். தேர்வாளர் அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

ஒவ்வொரு வருஷமும் திருத்தும் முகாம் முடியும்போது நிரப்புகிற படிவம்தான். விடைகளில் காணப்பட்ட பொதுவான பிழைகள் என்று ஒரு கட்டம், அதற்கான காரணம் என்று பக்கத்தில் இன்னொன்று. இத்தனை வருஷமாக இரண்டிலும் இல்லை, இல்லை என்று எழுதிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்திருக்கிறேன். லூர்துராஜ் சார் எழுந்து, என் டீயைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். முதல் கட்டத்தில் இரும்பைப் பற்றி எழுதினேன், நான்கு வரி. காரணம் என்ற கட்டத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதினேன். கட்டம் அதற்கே சரியாகப் போய்விட்டது. தராசு, எடை, உங்க அப்பா, அதை எழுத இந்தப் படிவத்தில் இடம் கிடையாது. இரண்டு மணிக்கு எங்கள் ஊருக்கு ஒரு பஸ் உண்டு, அதில் ஏறினால் நாலரைக்கு ரயில்வே கேட்டில் இறங்கிவிடலாம், கடை ஆறு வரை திறந்திருக்கும், மாலையில் அவள் அங்கேதான் இருப்பாள் என்று தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருபது வருஷமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகிறேன், துருப்பிடித்த ஜன்னல் கம்பியும் உடைந்த சைக்கிளும் வாசலில் கிடக்கும், உள்ளே ஒருநாளும் பார்த்ததில்லை. போய் நின்று, இசக்கிப்ரியா டீச்சர் நான் என்று சொல்வேன். அவள் அப்பா துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, அங்கே இருக்கிற ஒரே ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போடுவார். அதை நினைத்தால்தான் இப்போதே பயமாக இருக்கிறது.